பதிவேட்டில் ஒரு பத்தி குறைகிறது

மலையகத் திருச்சபைகளின் குருமாருக்கும், போதகர்களுக்கும், மூப்பர்களுக்கும், செயற்குழு அங்கத்தவர்களுக்கும்,

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

நான் ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியை. ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, அதே மலையில் முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள். அதில் பதினொரு வருஷம் எங்கள் சபையின் செயற்குழுவுக்குச் செயலாளராகவும் இருந்தேன். கூட்ட அறிக்கை எழுதியது நான். சபைப் பதிவேட்டைப் பூட்டி வைத்திருந்ததும் நான். அதனால் யாரையோ குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. என் கையெழுத்திலேயே இருக்கிற ஒரு காரியத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் மஸ்கெலியா பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பின்னால் "டீச்சர்" என்று ஒரு குரல். திரும்பினால், ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த பிள்ளை. இப்போது நாற்பதை நெருங்குகிறாள். பக்கத்தில் பள்ளிக்கூட டையோடு உயர்தரம் படிக்கிற மகன், அவளை விட உயரம். என் முழங்கால் வலியைக் கேட்டாள், எங்கள் வீட்டு மாமரத்தைக் கேட்டாள். அவர்களுடைய பஸ் வந்தது. மகனை முன்னால் ஏற்றிவிட்டு, மிதிபலகையில் ஒரு காலை வைத்தபடி திரும்பிக் கேட்டாள்: "டீச்சர், சபை ரெஜிஸ்டர்ல என் பேர் இன்னும் வெட்டித்தான் இருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் போய்விட்டது.

அவளுக்கு அப்போது இருபது வயது. கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குப் போயிருந்தவள் வயிற்றில் பிள்ளையோடு ஊருக்குத் திரும்பினாள். தோட்டத்தில் இப்படிப்பட்ட செய்தி மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூட்டிப் பேர் பதிகிற பிரட்டுக்கு முன்பே எல்லோர் வாயிலும் இருக்கும். அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செயற்குழு கூடியது. தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வந்தன. முதலில் கோயில் கூரையில் ஒழுகுகிற தகரத்தைப் பற்றிப் பேசினோம். எத்தனை தகரம், யாரிடம் வாங்குவது, லொறிக் கூலி யார் கொடுப்பது என்று முக்கால் மணி நேரம். அப்புறம் அவளுடைய விஷயம். அதற்குப் பத்து நிமிஷம். அவளை யாரும் கூப்பிடவில்லை. யாரும் வீட்டுக்குப் போகவும் இல்லை. "அந்த ஆம்பிள யாரு?" என்று ஒருவர் மட்டும் கேட்டார். "அத விடுங்க" என்றார் இன்னொருவர். விட்டோம்.

அடுத்த ஞாயிறு அறிவிப்புகளின்போது அவளுடைய பெயர், தகப்பன் பெயர், எந்த டிவிஷன் என்பதெல்லாம் சேர்த்து வாசிக்கப்பட்டது. "ஒழுக்கக் கேட்டின் நிமித்தம் சபை அங்கத்துவத்திலிருந்து நீக்கப்படுகிறார்." வாசித்தவர் போதகர், வாசகத்தை எழுதிக் கொடுத்தவள் நான். அவள் வரவில்லை. அவளுடைய அம்மா வந்திருந்தார், பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாத கொழுந்துக் கறை பிடித்த விரல்களால் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அதற்குப் பிறகு காணிக்கைப் பாட்டு. பை அந்தப் பெஞ்சுக்கு வந்தபோது அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த இருபது ரூபாய் நோட்டை எடுத்துப் பையில் போட்டார். கடைசி ஆசீர்வாதம் வரை இருந்துவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகு எங்கள் கோயில் வாசலை மிதிக்கவில்லை. அன்று பிற்பகல் அந்த நோட்டின் மடிப்பைப் பிரித்து, எண்ணி, கணக்கில் எழுதியதும் நான்தான்.

பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்த அடுத்த நாள், இப்போதைய செயலாளரிடம் கேட்டுப் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானம், திருமணம், மரணம், நீக்கம் என்று பத்தி பத்தியாகக் கோடு போட்டிருக்கிறது. அவளுடைய பெயர்மேல் என் சிவப்பு மைக் கோடு கொஞ்சமும் மங்காமல் இருந்தது. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனேன். நீக்கப்பட்டவர்கள் பலர். "மீண்டும் சேர்க்கப்பட்டார்" என்று எழுத ஒரு பத்தி அந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. பதினொரு வருஷம் அதை வைத்து எழுதியவளுக்கு அது ஒருநாளும் கண்ணில் படவில்லை.

அந்த இல்லாத பத்திதான் இந்த மடலின் காரணம்.

சபைக்கு ஒழுக்க நடவடிக்கையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தவறு செய்கிறவரை யாரும் ஒரு வார்த்தை கேட்காத சபையில் அன்பும் இருக்காது. ஆண்டவரே அதற்கு வழி சொல்லியிருக்கிறார், மத்தேயு 18 ஆம் அதிகாரத்தில். நமக்கெல்லாம் மனப்பாடம். முதலில் "நீயும் அவனும் தனித்திருக்கையில்" பேசு. கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால்தான் சபைக்குச் சொல். நாங்கள் அன்று என்ன செய்தோம்? முதல் படியையும் இரண்டாம் படியையும் விட்டுவிட்டு நேரே மூன்றாம் படியில் ஏறி நின்றோம். நீங்களும் உங்கள் பழைய கூட்ட அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். "வீட்டுக்குப் போய்ப் பேசினோம்" என்ற வரி எத்தனை இடத்தில் இருக்கிறது?

இந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். வேதத்திலிருந்து வரவில்லை, பிரட்டுக்களத்திலிருந்து வந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. விடியற்காலைப் பனியில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, ஒருவரை மட்டும் பெயர் சொல்லித் திட்டி, அவருக்கு அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது கூலி இல்லை, என்று விரட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம் தாத்தா பாட்டிமார். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், பாதிக் கூலி. எதிர்த்துப் பேசினால் பத்துச்சீட்டு, வேலையை விட்டு நீக்குகிற சீட்டு. சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு லயத்தை விட்டு இறங்க வேண்டியதுதான். விசாரணை கிடையாது, மேலே சொல்லி முறையிட ஆள் கிடையாது. நம் சபைகளும் அந்த மண்ணில்தான் முளைத்தன. 1854 இல் தோட்டத் துரைமாரின் பண உதவியோடு தொடங்கிய ஊழியத்துக்குத் தமிழ் கூலி மிஷன் என்றே பெயர் வைத்தார்கள். திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தார்கள். தோட்டம் துரையின் இடம். அவர் சம்மதம் இல்லாமல் உபதேசியாரும் உள்ளே கால் வைக்க முடியாத காலம். அந்த உபதேசிமார் பட்ட கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் கொள்ளுப்பாட்டி எழுத்துப் படித்தது அப்படி ஒருவரிடம்தான். ஆனால் தண்டனை என்றால் எல்லோருக்கும் முன்னால் பெயரை வெட்டுவது என்ற ஒரே மாதிரியைத்தான் நம் சனங்கள் பார்த்திருந்தார்கள். அதிகாரம் கையில் வந்தபோது நாமும் அதையே செய்தோம். பத்துச்சீட்டு எப்படி வலிக்கும் என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் யார்?

நகரத்துச் சபைகளுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதையும் யோசியுங்கள். கொழும்பில் ஒருவரைச் சபையிலிருந்து விலக்கினால் அவருக்கு வேறு தெரு, வேறு கூட்டம், வேறு சிநேகிதர்கள் உண்டு. இங்கே லயத்தில் ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு காம்பரா. ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். காலையில் பீலிக்குத் தண்ணீருக்குப் போனாலும், மலையில் நிரை பிடித்தாலும், கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றாலும் அதே முகங்கள்தான். பீடத்திலிருந்து வாசித்த ஒரு பெயர் மறுநாளே நிரையில் அவள் காதுபட முணுமுணுக்கப்படும். அறிவிப்பு செய்தவர்கள் அரை நிமிஷத்தில் மறந்துவிடலாம். அவளுக்கு அது தினமும் ஏறி இறங்குகிற மலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பாக இருந்தாலும். பவுல் அப்போஸ்தலன் எந்தெந்த ஆட்களோடு கலந்திருக்கக்கூடாது என்று 1 கொரிந்தியர் 5:11 இல் ஒரு வரிசை சொல்கிறார். விபசாரக்காரன் அதில் இருக்கிறான், சரி. அவனோடு பொருளாசைக்காரன், விக்கிரகாராதனைக்காரன், உதாசினன், வெறியன், கொள்ளைக்காரன் என்று மற்றவர்களும் இருக்கிறார்கள். நான் செயலாளராக இருந்த பதினொரு வருஷத்தில் நீக்கிய பெயர்களில் பாதிக்கு மேல் முதல் வகை, அதிலும் பெரும்பாலும் பெண்கள். இந்துப் பையனைக் கட்டிக்கொண்ட பிள்ளைகள் சிலர். மாசி மாதத்தில் காமன் கூத்துக்குத் தப்பு மேளம் அடித்த ஒரு பையன். குடித்துவிட்டு வந்து கோயில் வாசலில் சத்தம் போட்ட இருவர். கிழமை வட்டிக்குக் காசு கொடுத்து, சம்பள நாளன்று லயத்து வாசலில் போய் நின்று, பெண்களின் கையிலிருந்து சம்பளக் காசைப் பிடுங்கிக்கொண்டு போனவர் ஒருவரும் எங்கள் சபையில் இருந்தார். அவருடைய பெயரை நாங்கள் ஒருபோதும் எடுத்ததில்லை. அந்தக் கூரைத் தகரத்துக்குப் பாதிக் காசு அவர் கொடுத்தது. வட்டிக் கடனால் அடகுக்குப் போன தோட்டையும், கடன்காரருக்குப் பயந்து இரவில் விளக்கணைத்து உட்கார்ந்திருந்த வீடுகளையும் நான் அறிவேன். பொருளாசைக்காரன், கொள்ளைக்காரன் என்று பவுல் எழுதியது யாரை என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மேலே இருப்பவர்களைப் பற்றியும் வேதம் சும்மா இருக்கவில்லை. எல்லோருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்று 1 தீமோத்தேயு 5:20 சொல்கிற இடத்தை நாம் ஏழைப் பிள்ளைகள்மேல் வீசுகிறோம். அதற்கு முந்தின வசனத்தைப் படித்தால் பேச்சு மூப்பர்களைப் பற்றி என்று தெரியும். அடுத்த வசனம் இன்னும் தெளிவு: பட்சபாதம் கூடாது, "விசாரிக்குமுன் நிருணயம்பண்ணாமலும்" இருக்க வேண்டும். வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டிய தவறு என்று ஒன்று இருந்தால் அது சபைப் பணத்தைக் கையாண்டவரின் தவறு, பிரசங்க மேடையில் நிற்பவரின் தவறு. அவர்களுடைய தவறு சபை முழுவதையும் தொடுகிறது, அதனால் சபை முழுவதுக்கும் தெரிய வேண்டும். காணிக்கைக் கணக்கை வருஷத்துக்கு ஒருமுறையாவது வாசலில் ஒட்டாத சபைக்கு, ஒரு கொழுந்தெடுக்கிற பெண்ணின் வீட்டு விஷயத்தை ஒலிபெருக்கியில் வாசிக்க என்ன உரிமை இருக்கிறது?

அடுத்து, நான் மிகவும் பயப்படுகிற விஷயம். குற்றத்தையும் பாவத்தையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். ஒரு பிள்ளையின்மேல் கை வைத்தவனைச் செயற்குழு விசாரித்து, மூன்று மாதம் பாடகர் குழுவிலிருந்து நிறுத்தி, பிள்ளையின் தாயிடம் "மன்னிச்சிருங்கம்மா, வெளிய போனா சபைக்குத்தான் கெட்ட பேர்" என்று சொல்லி அனுப்புகிற வழக்கம் நம் மத்தியில் இருக்கிறது. இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இது ஒழுக்க நடவடிக்கை ஆகாது, மூடி மறைப்பது. அப்படி ஒன்று காதில் விழுந்தால் செயற்குழுவைக் கூட்டாதீர்கள். பொலிசுக்குப் போங்கள், அல்லது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். பிள்ளையோடும் தாயோடும் கூடப் போய் நில்லுங்கள். அடிபடுகிற மனைவியிடம் பொறுத்துக்கொள், ஜெபம் பண்ணு என்று மட்டும் சொல்லி அனுப்புவதும் அப்படித்தான். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி அவள் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கென்று 1938 என்ற உதவி இலக்கமும் இருக்கிறது. இதை ஞாயிறு அறிவிப்பில் வாசியுங்கள். அறிவிப்பில் வாசிக்க எவ்வளவோ நல்ல காரியங்கள் இருக்கின்றன.

அப்படியானால் சபை எப்படி நடவடிக்கை எடுப்பது? எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் என் அப்பா. அவர் வேத பண்டிதர் இல்லை, தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக்காரர்.

ஒரு மலை கவ்வாத்துக்கு வந்தால் கத்தியைத் தூக்கிக்கொண்டு நேரே போய்விட மாட்டார்கள். முதலில் ஒன்றிரண்டு செடியின் வேரை வெட்டி எடுத்து, அதில் ஐயடின் தடவிப் பார்ப்பார்கள். நீலக் கறுப்பாக மாறினால் வேரில் மாச்சத்து இருக்கிறது, செடி வெட்டைத் தாங்கும். மாறாவிட்டால் வெட்டினால் செத்துப்போகும். கொஞ்ச நாள் கொழுந்தெடுக்காமல் விட்டு ஓய்வு கொடுப்பார்கள். கடும் வரட்சியில் கத்தி வைப்பதில்லை. பலவீனமான செடி என்றால் இலையோடு ஒன்றிரண்டு கிளையை வெட்டாமல் விட்டுவிடுவார்கள். புதுத் துளிர் வரும்வரை செடி அந்தக் கிளையை வைத்துத்தான் பிழைத்துக் கிடக்கும். அப்பா கவ்வாத்து முடிந்த மலைக்கு வேலையில்லாத நாளிலும் போய் வருவார். ஏன் என்று கேட்டால், "வெட்டினவன்தானே போய்ப் பார்க்கணும், துளிர்த்திருச்சான்னு" என்பார்.

நாங்கள் அந்தப் பிள்ளையின் வேரைப் பார்க்கவில்லை. அவளுடைய வாழ்க்கையிலேயே பெரிய வரட்சி அடித்த நேரத்தில் கத்தியை வைத்தோம். ஒரு கிளையையும் விட்டுவைக்கவில்லை. துளிர்த்ததா என்று பார்க்கவும் யாரும் போகவில்லை.

போய்ப் பார்ப்பது புதிதாக நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. மெதடிஸ்த சபையார் தங்கள் சரித்திரத்தையே எடுத்துப் பார்க்கலாம். 1742 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் கோயில் கட்டிய கடனை அடைக்க, ஆளுக்குக் கிழமை ஒரு பென்னி சேர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். ஒவ்வொரு தலைவருக்கும் பன்னிரண்டு பேர் அளவில் பொறுப்புக் கொடுத்து, வீடு வீடாகப் போய் அந்தக் காசை வாங்கச் சொன்னார்கள். அப்படிப் போனவர்களுக்குத்தான் எந்த வீட்டில் சண்டை, யார் குடிக்கிறார், யார் மனமுடைந்து கிடக்கிறார் என்பதெல்லாம் தெரிய வந்தது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். கடனுக்கு ஏற்பட்ட அந்த ஏற்பாடுதான் வகுப்புக் கூட்டமாக மாறி, அவர்களுடைய ஒழுக்க முறைக்கே முதுகெலும்பானது. நம்மிடம் வீட்டு ஜெபக்கூட்டம் இருக்கிறது. வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் பாய் விரித்து, பத்துப் பேர் உட்கார்ந்து, கடைசியில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிற கூட்டம். ஒருவர் சறுக்கத் தொடங்கும்போதே தெரியவரும் இடம் அதுதான். அங்கேயே அக்கா, அண்ணன் என்று கையைப் பிடித்துப் பேசி முடிக்கலாம். செயற்குழு மேசைக்கு வர வேண்டிய விஷயங்களில் பெரும்பாலானவை அங்கேயே தீர்ந்துவிடும்.

அதற்கும் தீராதது சில இருக்கும். அப்போது அந்த ஆளைக் கூப்பிட்டு, எதிரில் உட்காரவைத்து, அவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். பெண் என்றால் விசாரிக்கிறவர்களில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். கையிலிருக்கிற முடிவோடு கூப்பிடாதீர்கள். குற்றம் சாட்டுகிறவருக்குச் சொந்தக்காரர் மேசையை விட்டு எழுந்து வெளியே போகட்டும். திருவிருந்தைக் கொஞ்ச காலம் நிறுத்த வேண்டும் என்றே முடிவானால், எவ்வளவு காலம், எந்தத் தேதியில் மறுபடி பேசுவோம், அதுவரை யார் அவரைப் போய்ப் பார்ப்பார் என்ற மூன்றையும் எழுதிக் கையில் கொடுங்கள். எழுத முடியாத தண்டனையைக் கொடுக்காதீர்கள். போய்ப் பார்க்க ஆள் கிடைக்காவிட்டால் நடவடிக்கையையும் எடுக்காதீர்கள்.

அவரை நேசிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு சாவுக்கும் போகாமல் இருப்பது எனக்கு விளங்கவில்லை. அந்தப் பிள்ளையின் அம்மா இறந்தபோது சபையிலிருந்து யாரும் போகவில்லை. அந்த அம்மாவை நாங்கள் நீக்கவே இல்லை, அவராகத்தான் நின்றுவிட்டார், இருந்தும் போகவில்லை. லயத்து இந்துச் சனங்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். தப்பு மேளச் சத்தம் கேட்டு நான் ரோட்டு வரை வந்தேன். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் பெட்டி இறங்குவதைக் குடைக்குள் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். யார் மீது என்ன நடவடிக்கை இருந்தாலும் சாவு வீட்டுக்குப் போங்கள், அடக்கம் செய்து கொடுங்கள், ஜெபம் பண்ணுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளை ஞாயிறு பாடசாலையில் முன்வரிசையில் உட்காரவையுங்கள்.

சுயாதீனச் சபைகளை நடத்துகிற பாஸ்டர்மாருக்குத் தனியாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். உங்களில் பலர் மண்சரிவிலும் மழையிலும் முதலில் ஓடி வருகிறவர்கள், எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் சபையில் நீங்கள் ஒருவரே குற்றம் சாட்டி, நீங்களே விசாரித்து, நீங்களே தீர்ப்பும் சொல்கிறீர்கள். உங்கள் தீர்ப்பு தவறானால் அந்த விசுவாசி யாரிடம் போவார்? 325 இல் நிசேயாவில் கூடிய பிஷப்புமாரின் சங்கம் திரித்துவ உபதேசத்தை மட்டும் பேசிவிட்டுக் கலையவில்லை. ஐந்தாவது விதியில், ஒரு பிஷப் யாரையாவது விலக்கினால் அது அவருடைய சிறுமைக் குணத்தாலோ சண்டையாலோ நடந்ததா என்று விசாரிக்க வேண்டும், அதற்காகவே வருஷத்துக்கு இரண்டு முறை அந்த மாகாணத்து பிஷப்புமார் கூட வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். அதிலும் ஒரு கூட்டம் லெந்து காலத்துக்கு முன்னால் நடக்க வேண்டும், மனக்கசப்பையெல்லாம் தீர்த்துவிட்டுக் கடவுளுக்குக் காணிக்கை செலுத்தலாம் என்று. பிஷப்புமாரே ஒருவரையொருவர் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள் என்றால், நாம் பக்கத்து ஊர் போதகர்கள் இரண்டு பேரை வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு நம் முடிவுகளைக் காட்டுவதில் என்ன குறைந்துவிடும்? கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டமும் சபை விலக்கை நோய் தீர்க்கும் தண்டனை என்றுதான் வகைப்படுத்துகிறது. நோய் தீர்ந்தால் மருந்து நிற்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதையும் மறைக்கவில்லை. "கண்டிச்சா நாளைக்கே அடுத்த சபைக்குப் போயிருவாங்க டீச்சர்" என்று ஒரு போதகர் என்னிடம் சொன்னார். உண்மைதான். சபைப் பணத்தைக் கையாடியவர் ஒருவர் ஒரே மாதத்தில் டவுனில் இன்னொரு சபைக்குப் போய், அடுத்த கிறிஸ்மஸுக்குள் அங்கே மூப்பராகவும் ஆனதை நானே பார்த்தேன். அவரை ஏற்றுக்கொண்டவர்கள் ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை. எண்ணிக்கை கூடியதில் சந்தோஷப்பட்டார்கள். புதிதாக ஒருவர் வந்தால் பழைய சபைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அல்லது அவரையே கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். அநியாயமாகத் தள்ளப்பட்டவர் என்றால் அதுவும் அப்போது தெரிந்துவிடும். அவருக்காக நீங்கள் பரிந்து பேசலாம்.

கொரிந்து சபையில் ஒருவன் தண்டிக்கப்பட்ட பிறகு பவுல் மறுபடி எழுதுகிறார். முதல் நிருபத்தில் சொன்ன அதே ஆள்தானா என்பதில் வேத அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. எழுதிய காரியத்தில் சந்தேகம் இல்லை: போதும், இனி அவனை மன்னித்து ஆறுதல் செய்யுங்கள், "அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு." தண்டிக்கச் சொன்ன நிருபத்தை வாசிக்கிற நாம் இதையும் அதே சத்தத்தில் வாசித்திருக்கிறோமா? நீக்கத்தை அறிவிக்க நமக்கு ஒரு வாசகம் இருக்கிறது, நானே எழுதிய வாசகம். திரும்பி வருகிறவரை வரவேற்க என்ன வாசகம்? யார் வாசலில் போய் நிற்பது? யார் பக்கத்தில் உட்கார்வது? எங்கள் சபையில் இதை யாரும் யோசித்ததே இல்லை.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு உங்கள் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். நீக்கம் என்ற பத்திக்குப் பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்து இன்னொரு கோடு போடுங்கள். மேலே "மீண்டும் சேர்க்கப்பட்டது" என்று எழுதுங்கள். பிறகு நீக்கப்பட்ட ஒவ்வொரு பெயராக வாசித்து, இவர் இப்போது எங்கே இருக்கிறார், யார் போய்ப் பார்ப்பது என்று கேளுங்கள். அன்று கூரைத் தகரத்தைப் பேச வேண்டாம்.

எங்கள் சபையின் இப்போதைய செயற்குழுவுக்கு ஒரு வார்த்தை. நான் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் வந்தேன். என் பெயரில் மன்னிப்புக் கேட்டேன். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். ரொட்டியும் சம்பலும் வைத்தாள், சாப்பிட்டேன். சபைக்கு வருவாயா என்று கேட்டதற்கு, "அதப் பத்தி அப்புறம் பார்ப்போம் டீச்சர். முதல்ல அந்தச் சிவப்புக் கோட்டப் பத்தி யாராவது வந்து பேசட்டும்" என்றாள். இதை எழுதலாமா என்றும் அவளிடம் கேட்டேன், எழுதுங்க என்றாள். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு மேல் வீட்டில் இருப்பாளாம். லயத்துக்கு இறங்குகிற படி செங்குத்து, மழை பெய்தால் வழுக்கும், அட்டையும் ஏறும். இரண்டு பேர் வந்தால் போதும். முழங்கால் வலித்தாலும் நானும் கூட வருகிறேன்.

உங்கள் சகோதரி,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியை